அடையாளம் கேட்கும் பெட்டி

2024 அக்டோபரில் சென்னைக்குக் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலம் கார் நிறுத்துமிடமாகிவிட்டது. கைப்பிடிச் சுவரை ஒட்டி வண்டிகளை வரிசையாக நிறுத்தி, பூட்டிவிட்டு, நடந்தே வீடு திரும்பினார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அது சிரிப்பாக இருந்திருக்கலாம். அந்தப் பகுதிக்காரர்களுக்கு அது 2015 டிசம்பரும் 2023 டிசம்பரும் கற்றுக்கொடுத்த கணக்கு. மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் கார்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போன காணொளியை ஊரே பார்த்திருந்தது.

அடித்துக்கொண்டு போன வண்டிகளின் கதை சுருக்கமானது. இன்சூரன்ஸ் ஆய்வாளர் வந்து பார்ப்பார், மொத்த நஷ்டம் என்று எழுதுவார், வண்டி ஏலத்துக்குப் போகும். ஒரு ராத்திரி முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டு மறுநாள் ஸ்டார்ட் ஆகிவிடும் வண்டிகளின் கதைதான் நீளமானது. தரைவிரிப்பைக் கழற்றி மொட்டை மாடியில் காயப்போட்டு, ஆயில் மாற்றி, நாற்றம் போக நான்கு நாள் கதவைத் திறந்து வைத்தால் வண்டி பழையபடி ஓடுகிறது. பொங்கல் கழிந்து ஒருநாள், வெயிலில் நிற்கும்போது வைப்பர் தானாக இரண்டு முறை வீசிவிட்டு நிற்கும். நடுராத்திரியில் நான்கு கதவுகளும் படக்கென்று பூட்டிக்கொள்ளும், திறந்துகொள்ளும். இடது பக்க இண்டிகேட்டர் போட்டால் ஹாரன் அடிக்கும். பட்டறையில் ஒரே பதில்தான் வரும்: “பி.சி.எம். போயிருக்கும் சார்.”

பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்பது முழுப்பெயர். என்ஜினுக்குத் தனிக் கம்ப்யூட்டர் உண்டு. பி.சி.எம். கவனிப்பது மற்ற வீட்டு வேலைகளை: விளக்குகள், வைப்பர், கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி, ஹாரன், பல வண்டிகளில் சாவியைச் சரிபார்க்கும் வேலையும். இரண்டு உள்ளங்கை அகலமுள்ள கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி அது. பல மாடல்களில் டேஷ்போர்டுக்கு அடியில், டிரைவரின் முழங்காலுக்கு எதிரிலோ பக்கத்து சீட்டுக்காரரின் கால் பக்கத்திலோ இருக்கும். கேபினுக்குள் தண்ணீர் புகுந்தால் சீக்கிரம் எட்டிப்பிடிக்கக்கூடிய உயரம்.

இந்தப் பெட்டி வருவதற்கு முன்பு காரின் மின்சாரம் கண்ணுக்குத் தெரியும் விஷயமாக இருந்தது. 2014 வரை தயாரான அம்பாசிடரின் பழைய மாடல்களைப் பிரித்தவர்களுக்கு இது தெரியும். பேட்டரியிலிருந்து ஒரு ஒயர் சுவிட்சுக்கு, சுவிட்சிலிருந்து பல்புக்கு, பல்பிலிருந்து எர்த்துக்கு. விளக்கு எரியவில்லை என்றால் எலக்ட்ரீஷியன் டெஸ்ட் லேம்ப்பை எடுத்து ஒயரைத் தொட்டுக்கொண்டே போவார். சப்ளை எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கே கோளாறு. பள்ளிக்கூடம் தாண்டாதவர்கள்கூட இந்த வேலையில் கெட்டிக்காரர்கள் ஆனதற்கு இதுவே காரணம். வண்டியே பாடப்புத்தகமாகத் திறந்து கிடந்தது.

வசதிகள் கூடக் கூட ஒயர்கள் பெருகின. பவர் விண்டோ வந்தது, சென்ட்ரல் லாக் வந்தது, கண்ணாடியைத் திருப்ப மோட்டார் வந்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒயர் இழுத்தால் கதவின் கீல் வழியாகத் தாம்புக்கயிறு பருமனில் கட்டு போகவேண்டி வரும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983இல் இதற்கு மாற்று தேடத் தொடங்கி, 1986இல் டெட்ராய்ட்டில் நடந்த வாகனப் பொறியாளர் மாநாட்டில் கேன் என்ற முறையை வெளியிட்டது. 1991இல் மெர்சிடிஸ் பென்ஸின் எஸ் கிளாஸ் காரில் அது இடம்பெற்றது. முறுக்கிய இரண்டே ஒயர்கள். வண்டியில் உள்ள பல பெட்டிகளும் அந்த இரண்டில்தான் பேசிக்கொள்ளும். ஊர்க்கூட்டத்தில் பெரியவர் வாய் திறந்ததும் மற்றவர்கள் பேச்சை நிறுத்திக் காத்திருப்பதுபோல, எந்தச் செய்தியின் எண் சிறியதோ அதற்கு முன்னுரிமை. பிரேக் பற்றிய செய்தி போய்ச்சேர்ந்த பிறகே வைப்பர் பற்றிய செய்தி போகும்.

அன்றிலிருந்து சுவிட்சின் வேலை மாறிவிட்டது. ஸ்டீயரிங் பக்கத்துக் குமிழைத் திருகும்போது ஹெட்லைட்டின் மின்சாரம் அந்தக் குமிழ் வழியாகப் போவதில்லை. ‘விளக்கு வேண்டும்’ என்ற மனு மட்டும் பெட்டிக்குப் போகிறது. பேட்டரி அளவு எவ்வளவு, சாவி எந்த நிலையில் இருக்கிறது என்றெல்லாம் பார்த்துவிட்டு, பெட்டிதான் விளக்கைப் போடுகிறது. ஓட்டுபவர் கேட்கலாம், முடிவு அங்கே.

தண்ணீர் பட்ட பெட்டியைத் திறந்து பார்த்தால் வைப்பரின் விளையாட்டுக்குக் காரணம் தெரியும். ஓரங்களில் உள்ள கொக்கிகளை மெல்ல நெம்பினால் மூடி வந்துவிடும். உள்ளே பச்சை நிற போர்டு. வெள்ளம் எந்த மட்டம் வரை நின்றது என்பதற்கு அடையாளமாகக் குறுக்கே ஒரு பழுப்புக் கோடு. கோட்டுக்குக் கீழே கனெக்டரின் செப்புப் பின்கள் களிம்பேறிக் கிடக்கும். இரண்டு பின்களுக்கு நடுவே அரிசி மணியில் பாதிகூட இல்லாத இடைவெளி; அந்த இடைவெளியில் களிம்பு பரவிக் கோடு இழுத்திருக்கும். பெரும்பாலான சுவிட்சுகள் அழுத்தப்பட்டதும் தம் ஒயரை எர்த்தோடு இணைக்கும். பெட்டி அதைத்தான் ‘அழுத்திவிட்டார்கள்’ என்று புரிந்துகொள்கிறது. களிம்பு அதே ஒயரை எர்த் பக்கம் கசியவிட்டால் பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது. யாரும் தொடாத வைப்பர் சுவிட்சை யாரோ தொட்டதாக நம்பி, அது நேர்மையாக வைப்பரை ஓட்டுகிறது. ஈரப்பதம் கூடும் ராத்திரிகளில் கசிவும் கூடும். காலையில் பட்டறைக்குக் கொண்டுபோனால் ஒன்றும் இருக்காது.

வெள்ளம் மட்டுமே காரணமில்லை. ஏசியின் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் அந்தத் தண்ணீர் உள்பக்கம் சொட்டும். முன்கண்ணாடியை மாற்றியவர் பசையைச் சரியாகப் பூசாவிட்டால் ஓரத்தில் கசியும். நம் ஊரில் இன்னொரு பெரிய காரணம், ஆக்சசரீஸ் கடை. புதுக் கார் எடுத்த மறுநாளே சத்தமான ஹாரன், கூடுதல் ஃபாக் லேம்ப், பின்பக்கக் கேமரா என்று மாட்டுவார்கள். பழைய வண்டியில் பக்கத்து ஒயரை உரித்து முறுக்கிச் சப்ளை எடுத்தால் ஃப்யூஸ் போவதோடு சரி. இந்த வண்டிகளில் பல ஒயர்களுக்குப் பின்னால் ரிலே கிடையாது. பெட்டிக்குள் நகமளவு டிரான்சிஸ்டர் உட்கார்ந்திருக்கிறது. சின்ன பல்புக்காக அளந்து வைத்த அதன் முதுகில் ஹாரனை ஏற்றினால் அது கருகும். அந்த ஒரு வேலைக்கான வழி அடைபட, மற்ற வேலைகள் நடந்துகொண்டே இருக்கும்.

இருந்தாலும் பழி விழும் பெட்டிகள் எல்லாம் குற்றவாளிகள் அல்ல என்பது அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன்கள் எல்லோரும் சொல்வது. ஸ்கேனரை மாட்டியதும் யூ0140 என்று கோளாறு எண் வருகிறது. பி.சி.எம்.மோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம். ‘பி.சி.எம். கெட்டுவிட்டது’ என்று அது சொல்லவில்லை. பேசவேண்டிய ஆள் பேசவில்லை என்பதுதான் செய்தி. ஆள் போய்விட்டாரா, அவருக்குச் சப்ளை போகவில்லையா, நடுவே பாதை அறுந்ததா என்பதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பேட்டரி பலவீனமாக இருந்தாலே ஸ்டார்ட் செய்யும்போது பல பெட்டிகள் உளறும். அவசரக்காரர்கள் அந்த எண்ணைப் படித்த கையோடு பெட்டிக்கு ஆர்டர் போட்டுவிடுகிறார்கள்.

நிதானமானவர் முதலில் மீட்டரை எடுப்பார். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் மாட்டும் பதினாறு துளைச் சாக்கெட்டில் கேன் ஒயர்கள் இரண்டுக்கும் நடுவே ஓம் பார்ப்பார். அந்தப் பாதையின் இரு முனையிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும். இரண்டும் இணையாகச் சேர்வதால் 60. மீட்டர் 60 காட்டினால் பாதை முழுசாக இருக்கிறது. 120 காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதன் பிறகு பெட்டிக்குப் போகும் சப்ளை, எர்த். எர்த்தை லோடு கொடுத்துத்தான் சோதிக்க வேண்டும். சும்மா இருக்கும்போது ஒற்றை இழையில் தொங்கும் ஒயர்கூட நல்ல ஒயர் மாதிரிதான் மீட்டரில் தெரியும். வண்டியைப் பூட்டிவிட்டு அரைமணி நேரம் காத்திருந்து, தூங்கும் வண்டி பேட்டரியிலிருந்து எவ்வளவு இழுக்கிறது என்றும் பார்ப்பார். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. அதற்கு மேல் போனால் ஏதோ ஒரு பெட்டி தூங்காமல் விழித்திருக்கிறது.

இத்தனையும் பார்த்து, பெட்டிதான் போயிருக்கிறது என்று உறுதியானால் மாற்ற வேண்டியதுதான். கழற்றி மாட்டுவதில் பெரிய வித்தை இல்லை. பேட்டரியின் நெகட்டிவ்வைப் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் கழற்றி, ஏர்பேக்கில் தங்கிய மின்சாரம் வடியக் கொஞ்சம் பொறுத்து, டேஷ்போர்டின் கீழ்ப்பலகையை எடுத்தால் பெட்டி கைக்கு எட்டும். கனெக்டர்களின் நெம்பியைத் தூக்கி உருவி, போல்ட்டைக் கழற்றினால் வெளியே வந்துவிடும். கைப்பழக்கம் உள்ளவர் டீ குடிக்கப் போகும் முன் முடித்துவிடுவார்.

புதுப் பெட்டியை மாட்டிச் சாவியைத் திருகினால், பல வண்டிகளில், ஒன்றும் நடக்காது. செல்ஃப்கூட எடுக்காது. டேஷ்போர்டில் பூட்டுப்படம் மட்டும் மினுக்கும்.

உதிரிபாகத்தைப் பற்றி இருந்த பழைய எண்ணம் தடுக்கி விழும் இடம் இது. டைனமோவோ செல்ஃப் மோட்டாரோ எந்த வண்டியிலிருந்து வந்தது என்று கேட்பதில்லை. அளவு சரியாக இருந்தால் ஓடும். பி.சி.எம். அப்படியல்ல. எந்த வண்டியில் இருக்கிறோம் என்பது அதற்குத் தெரிந்தாக வேண்டும். பதினேழு எழுத்து வண்டி எண்ணை அதில் எழுத வேண்டும். இந்த வண்டியில் சன்ரூஃப் உண்டா, மழை சென்சார் உண்டா, ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்ற விவரப் பட்டியலை ஏற்ற வேண்டும். என்ஜின் பெட்டிக்கு இதை அறிமுகம் செய்ய வேண்டும். சாவிகளை ஒவ்வொன்றாகக் காட்டி, இவை நம்முடையவை என்று ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். எழுதும்போது நடுவில் பேட்டரி இறங்கினால் பெட்டி பாதி அறிவோடு செத்துப்போகும். அதனால் வெளியிலிருந்து சப்ளை கொடுத்துக்கொண்டே செய்வார்கள். சில அமெரிக்கக் கார்களில் சாவியை ஆனில் வைத்துப் பத்து நிமிடம், அணைத்து மறுபடி பத்து, இன்னொரு பத்து என்று அரைமணி நேரம் வெறுமனே உட்கார்ந்திருந்தால்தான் வண்டி புதியவரை நம்பத் தொடங்கும். திருடனுக்கு அவ்வளவு பொறுமை இருக்காது என்ற கணக்கு.

கணக்கு தவறென்று சொல்ல முடியாது. ஒயரை வெட்டி இணைத்து வண்டியைக் கிளப்பிக்கொண்டு போவது ஒருகாலத்தில் சில நிமிட வேலை. சாவிக்குள் பேட்டரியே இல்லாத சிறு சிப்பை வைத்து, இக்னிஷனைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அதை எழுப்பிக் கேள்வி கேட்கும் இம்மொபிலைசர் முறை ஐரோப்பாவில் 1990களில் பரவியது. பிரிட்டனில் 1998 அக்டோபரிலிருந்து புதுக் கார்களுக்கு அது கட்டாயம். திருடுவது கடினமானது. அதே பூட்டு, சொந்தக்காரர் நம்பும் தெருமுனை மெக்கானிக்கையும் வெளியே நிறுத்தியது. ஸ்பேனர் எல்லோரிடமும் உண்டு. வண்டியின் ரகசிய எண்ணும் கம்பெனி சர்வருக்குள் நுழையும் அனுமதியும் சிலரிடம்தான்.

அனுமதி இல்லாதவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. சென்னை புதுப்பேட்டைக்குப் போனால் தெரியும். விபத்தில் நசுங்கியதும் ஆயுள் முடிந்ததுமான வண்டிகளை அக்கக்காகப் பிரித்து விற்கும் கடைகள். “பாய், இந்த மாடலுக்குப் பி.சி.எம். இருக்கா?” என்று கேட்டால் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துத் தேடி, மேலே ஒட்டிய பார்ட் நம்பரைக் காட்டுவார்கள். கடைசி எழுத்து வரை பொருந்த வேண்டும்; ஓரெழுத்து மாறினாலும் வேறு சாஃப்ட்வேர். எழுத்து பொருந்தினாலும் அது பழைய முதலாளியின் வண்டியைத்தான் நினைவில் வைத்திருக்கும்.

அந்த நினைவை மாற்றுகிற வேலை லென்ஸுக்கு அடியில் நடக்கிறது. பல பெட்டிகளின் போர்டில் எட்டுக் கால்களோடு சிறு சிப் ஒன்று உண்டு. வண்டி எண், சாவிகளின் அடையாளம், சிலவற்றில் கிலோமீட்டர் கணக்கு எல்லாம் அதற்குள். கெட்ட பெட்டியின் சிப்பில் பல்லுள்ள கிளிப்பைக் கவ்வவிட்டு, லேப்டாப்பில் படித்து, சேமித்து, மறுபடி படித்து, இரண்டு பிரதியும் ஒன்றுதானா என்று ஒப்பிடுவார்கள். ஒப்பிடாமல் அடுத்த படிக்குப் போகிறவர் தொழிலில் நிலைக்கமாட்டார். பிறகு அதே எழுத்துகளைப் பழைய கடையில் வாங்கிய பெட்டியின் சிப்பில் ஏற்றுவார்கள். வண்டிக்குத் தன் பெட்டி மாறியதே தெரியாது. சாவி திருகியதும் கிளம்பும். இன்னும் சிலர் அதுவரைகூடப் போவதில்லை. ரிச்சி தெருவில் வாங்கிய ஐ.பி.ஏ. (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) திரவத்தில் பழைய டூத் பிரஷ்ஷை நனைத்து, களிம்பைத் தேய்த்து எடுத்து, அரித்துப்போன செப்புத்தடத்துக்குப் பதிலாக முடியளவு ஒயரைப் பற்றவைத்து, அதே பெட்டியை உயிர்ப்பித்துவிடுவார்கள்.

இந்த வித்தைக்கு மறுபக்கமும் உண்டு. சாவி அடையாளத்தை எழுதத் தெரிந்த கை கிலோமீட்டரைக் குறைத்து எழுதவும் தெரிந்த கை. இதைத் தெரிந்துதான் சில ஜெர்மன் கார்கள் கிலோமீட்டரை இரண்டு மூன்று பெட்டிகளில் எழுதிவைத்து, ஒன்றுக்கொன்று முரண்பட்டால் மீட்டரில் புள்ளி போட்டுக் காட்டிக்கொடுக்கின்றன. ஒரே கருவி, ஒரே மேசை. நடப்பது பழுதுபார்ப்பா மோசடியா என்பது உட்கார்ந்திருப்பவரைப் பொறுத்தது. கார் நிறுவனங்கள் பூட்டை நியாயப்படுத்தும்போது எடுத்துக்காட்டுவது இந்த மேசையைத்தான்.

அந்த நியாயம் எவ்வளவு தூரம் செல்லும் என்று இந்தியாவில் ஒருமுறை விசாரிக்கப்பட்டது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அசல் உதிரிபாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளிப்பட்டறைகளுக்குத் தராமல் தடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. இரண்டும் வெளிச்சந்தையில் கிடைக்க வேண்டும் என்றது ஆணையம். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இதை வாக்குச்சீட்டிலேயே கேட்டார்கள். 2012இல் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஆதரவாக வாக்களித்தவர்கள், வண்டி கம்பியில்லாமல் கம்பெனிக்கு அனுப்பும் தகவலுக்கும் அந்த உரிமையை 2020இல் நீட்டினார்கள்; நான்கில் மூன்று பங்கினர் ஆமென்றார்கள். இந்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. வாகனங்களும் அதில் ஒரு பிரிவு.

கருவி கிடைத்தாலும் பெட்டி கிடைக்க வேண்டுமே என்பது அடுத்த கவலை. ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. மறைமலை நகரில் அதன் ஆலையைச் சார்ந்த தொழிலாளர்கள் போராடிய அதே நாட்களில், வண்டி வைத்திருந்தவர்கள் பாகங்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சர்வீஸும் பாகங்களும் தொடரும் என்றது நிறுவனம். பிரேக் பேடை வெளியே எவரும் செய்து விற்கலாம். நிறுவனத்தின் சாஃப்ட்வேர் இல்லாமல் பி.சி.எம்.மை எவரும் செய்ய முடியாது. சிப் தட்டுப்பாட்டுக் காலத்தில் புதுப் பெட்டிக்கே தட்டுப்பாடு. 2022 அக்டோபரில் ஜப்பானில் டொயோட்டா, இரண்டு ஸ்மார்ட் சாவி தரவேண்டிய இடத்தில் ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றுக்குப் பதிலாகச் சாதாரண இரும்புச் சாவியைக் கொடுத்தது.

இத்தனைக்கும் நடுவில், பட்டறையில் நடக்கும் பேரம் மட்டும் அம்பாசிடர் காலத்திலேயே நிற்கிறது. பில் என்றால் பாகத்தின் விலை, மாட்டுக்கூலி என்று இரண்டு வரி. பாகத்தின் விலையைக் கேள்வி கேட்பவர் குறைவு, அது அட்டைப்பெட்டியில் வருகிறது. தேடியதற்கு வரி கிடையாது, கோடிங்குக்குச் சிலர் இப்போதுதான் தனியாக எழுதுகிறார்கள். வைப்பர் தானாக ஓடும் வண்டியை இரண்டு நாள் வைத்துப் பார்த்த எலக்ட்ரீஷியன், பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, டிரைவர் கால் பக்கத்து எர்த் போல்ட் துருப்பிடித்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார். உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவி, முறுக்குகிறார். பத்து நிமிட வேலை. மூவாயிரம் ரூபாய் கேட்கிறார்.

“ஒண்ணுமே மாத்தலையேண்ணே, அதுக்கு மூவாயிரமா?”

“மாத்தாம இருந்ததுக்குத்தான் சார்.”

பெரும்பாலும் அது ஆயிரத்து ஐந்நூறில் முடியும். அதே வாடிக்கையாளரிடம் வேறொரு இடத்தில் புதுப் பெட்டிக்கு நாற்பதாயிரம் எஸ்டிமேட் கொடுத்திருந்தால், அவர் கேட்டிருக்கக்கூடிய ஒரே கேள்வி, எத்தனை மாத வாரண்டி என்பது.